நெத்திலிக்கு யார் சோறு போட்டது?

நம் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, கடிக்கிற நாயின் வாயை எப்படிக் கட்டுவது, பூனைக்கு எந்தப் பக்கம் நின்று மருந்து கொடுப்பது என்பதையெல்லாம் டாக்டரம்மா உங்களுக்குச் சொல்லித் தருவார். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்து, இங்கே உதவியாளனாகவே இருந்து ஓய்வு பெற்றவன். கவலைப்படுவதில் மட்டும் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. கேஸை மூடினேனா என்று தாம்பரம் ஸ்டேஷன் வரை வந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போன ஆள் நான். கூட வேலை செய்தவர்களைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இந்தக் கவலை சில நேரம் வேலைக்கு உதவும். சில நேரம் கண்ணை மறைக்கும். இரண்டும் ஒரே நாய்க்குட்டி விஷயத்தில் எனக்கு நடந்தது. அதனால் அந்தக் குட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய பொங்கல் சமயம். பெருங்களத்தூரில் புதிதாகக் கட்டிய ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். போகும்போது பால்கனியில் ஒரு குட்டியை விட்டுவிட்டுப் போனது யாருக்கும் தெரியவில்லை. கத்துகிற வரைக்கும் அது கத்தியிருக்கும். கீழே ஜி.எஸ்.டி. ரோட்டுச் சத்தத்தில் யார் காதில் விழும்? வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தார்கள். என் வீடு பக்கம் என்பதால் டாக்டரம்மா என்னைப் போய் எடுத்துவரச் சொன்னார்.

நான் போனபோது அந்தக் கட்டடத்தின் செக்யூரிட்டி ஒரு கிண்ணம் நிறையப் பாலோடு உட்கார்ந்திருந்தார். குட்டி அவர் காலடியில் படுத்திருந்தது. விலா எலும்புகளைத் தனித்தனியாக எண்ணலாம். தலை மட்டும் பெரிதாக இருந்தது. பால் வாசனைக்கு மூக்கு ஆடியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பால் வேணாம்ணா."

"சார், பட்டினி கெடக்குது சார்!"

"அதனாலதான் வேணாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, குட்டியைப் பட்டினி போட்டதே நான்தான் என்பது போல இருந்தது.

நீங்களும் இந்தப் பார்வைக்குப் பழக வேண்டியிருக்கும். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பு தன்னையே தின்று ஓட்டிக்கொண்டிருக்கும். அதில் திடீரென்று வயிறு நிறையச் சோறு விழுந்தால் ரத்தத்தில் இருக்கிற உப்புகள் எல்லாம் கீழே இறங்கிவிடும், இதயமே நின்றுபோகலாம் என்று டாக்டரம்மா சொல்வார். எனக்கு உப்புகளின் பெயர் தெரியாது. ஆசையாக நக்கிச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் செத்துப்போன குட்டிகளைத் தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் நாய்களையெல்லாம் நம்மிடம் விட்டிருந்தார்கள். ஒரு கூண்டு கூடக் காலி இல்லை. "பொங்கல் முடியற வரைக்கும் உங்க வீட்டுல வெச்சுக்கறீங்களா அண்ணா?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் போய் வசந்தாவிடம், அதாவது என் மனைவியிடம், அப்படியே சொன்னேன்.

"பொங்கல் வரைக்கும், தீபாவளி வரைக்கும், காயம் ஆறற வரைக்கும். இப்படித்தான் நாலு சேர்ந்துச்சு" என்றாள். "அஞ்சாவது தட்டு இந்த வீட்டுல கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் வீட்டு நாலு நாய்களும் ஆஸ்பத்திரிக்கு வந்து, திரும்ப அழைத்துப்போக ஆள் வராதவை. அதில் மூத்தவள் ராணி. தாம்பரம் மார்க்கெட்டில் வண்டியில் அடிபட்டு வந்தவள். நொண்டி நடக்கிற அளவுக்குக் கால் சரியான பிறகு அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததும் நம் ஆஸ்பத்திரியில்தான். டாக்டரம்மாவுக்குக் கத்தியை எடுத்துக் கொடுத்தது நான். மற்ற மூன்றும் அவள் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் தட்டில் வாய் வைக்கும். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களாகவே வைத்துக்கொண்ட ஒழுங்கு.

புதிய குட்டியை மற்ற நாய்களோடு விடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுப் பக்கவாட்டில், குளியலறைக்குப் போகும் சந்தில், கம்பி கேட் ஒன்று இருந்தது. அதற்கு உள்ளே சாக்கு விரித்துக் குட்டியைப் படுக்க வைத்தேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நாலு பேரும் வரிசையாக நின்று மோந்து பார்த்தார்கள். நான் கஞ்சியை வடிகட்டி, வேகவைத்த கோழியை அரைத்துக் கலந்து, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். ஸ்பூனைக் கடித்து உறுமியது. நிற்கத் தெம்பில்லாத குட்டி, கஞ்சியை நான் பிடுங்கிவிடுவேன் என்று உறுமுகிறது. சாக்கில் சிந்திய துளியைக் கூடக் காலால் மறைத்துக்கொண்டது.

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக மொபெட்டில் மீன் கொண்டுவரும் கன்னியம்மா எங்கள் தெருவுக்கு வாடிக்கை. வருகிறபோதெல்லாம் எங்கள் நாய்களுக்கு மீன் தலை போடாமல் போக மாட்டாள். அவள் வாசல் கேட் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, வெய்யில்ல காயப்போட்ட நெத்திலி மாரி கீது!"

அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது.

"ஒரு மத்தி குடுக்கட்டா? முள்ளு எடுத்துட்டு குடுக்கறேன்."

"இப்ப வேணாம் கன்னியம்மா. டாக்டரம்மா சொல்ற வரைக்கும் எதுவும் குடுக்கக் கூடாது."

"கண்ணு எதிர்ல பசியில கெடக்குது, குடுக்காதன்ற. இன்னா வைத்தியமோ போ."

அவள் மட்டுமில்லை. பக்கத்து மாடிவீட்டுக்காரர் இட்லியோடு வந்தார். எதிர்வீட்டு அம்மா தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்தார். வீட்டுக்குள் யார் வந்தாலும் முதல் கேள்வியே "சாப்பிட்டியா" என்று கேட்டுப் பழகிய நாம், எலும்பும் தோலுமாக ஒன்று கிடந்தால் என்ன செய்வோம்? எல்லோரையும் வாசல் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். தெருவில் எனக்கு இருந்த நல்ல பெயர் அந்த வாரத்தோடு போயிற்று.

முதலில் நன்றாகத்தான் போனது. நெத்திலி எழுந்து நின்றான். வாலை ஆட்டினான். பிறகு ஒரு நாள் வயிறு பானை மாதிரி இருந்தது. மறுநாள் வயிற்றுப்போக்கு. நான் கொடுத்தது ஸ்பூன் கணக்கு. வெளியே வந்தது அதற்குச் சம்பந்தமே இல்லாத அளவு. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "யாரோ குடுக்கறாங்க அண்ணா. யாருன்னு பாருங்க. இது விளையாட்டு இல்ல" என்றார்.

எனக்குக் கன்னியம்மா மேல் சந்தேகம். போகி அன்று அவள் வந்தபோது நேராகக் கேட்க வாய் வரவில்லை. "யாராவது இதுக்கு ஏதாவது குடுக்கறாங்களான்னு..." என்று இழுத்தேன். அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"யாராவதுன்னா? இங்க என்னைத் தவிர யாரு நிக்கறா? நா குடுத்தா சொல்லிட்டுக் குடுப்பேன்ணா. திருட்டுத்தனமா நாய்க்குச் சோறு போட்ற அளவுக்கு எனுக்கு இன்னா பேஜாரு? உன் வூட்டுக்குள்ள கேளு மொதல்ல!"

மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டாள். மற்ற நாய்களுக்கும் அன்று மீன் தலை இல்லை.

அன்று மதியத்துக்கு மேல் நெத்திலி துவண்டுவிட்டான். தூக்கினால் துணி மாதிரி தொங்கினான். வாய் உள்ளே வெளுத்திருந்தது. ஆட்டோக்காரர் வந்தார், மெயின் ரோடு வரைக்கும் போய் நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் பெருங்களத்தூரில் நின்றது. பஸ், கார், மூட்டை முடிச்சு, குழந்தை குட்டி. தாம்பரம் பக்கம் போகிற வண்டிகளும் அதில் மாட்டிக்கொண்டு நின்றன. "இப்போதைக்கு நகராதுண்ணா" என்றார்.

எதிரே ரயில்வே ஸ்டேஷன். ஆஸ்பத்திரி இருக்கிற தாம்பரம் அடுத்த ஸ்டேஷன்தான். எலெக்ட்ரிக் டிரெயினில் நாயைக் கொண்டுபோனால் பிடிப்பார்களா, அபராதம் போடுவார்களா, டிக்கெட் உண்டா என்று என் தலைக்குள் எல்லாக் கவலையும் ஒன்றாக ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டு, வசந்தா கொடுத்த கட்டைப்பையில் துண்டை விரித்து அவனை வைத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

பையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் கரும்பும் மஞ்சள் கொத்துமாக ஓர் அம்மா. அவர் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, என்னங்க இது! எத்தனை நாளாச்சு சாப்பிட்டு?" பையைத் துழாவி ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டார்.

"வேணாம்மா. இப்ப குடுத்தா செத்துடும்."

"குடுக்காம இருந்தாத்தான் செத்துடும்! தள்ளுங்க."

நான் பையின் வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். எதிர் சீட்டில் இருந்த பையன் எழுந்து வந்தான்.

"இன்னா சார், குட்டியப் பட்டினி போட்டு மூட்டை கட்டிக்கினு போற?"

"இது என்னுது இல்லப்பா. ஆஸ்பத்திரிக்குத்தான்..."

"உன்னுது இல்லன்னா எதுக்குத் தூக்கிக்கினு போற? அந்த அம்மா குடுக்கட்டும், கைய எடு."

போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான். "பாருங்க மக்களே" என்றெல்லாம் பேசினான். பெட்டியில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒருவர் "மனுஷனாய்யா நீ" என்றார்.

பாதி பிஸ்கட். அதைக் கொடுத்திருந்தால் எல்லோரும் சமாதானமாகியிருப்பார்கள். அந்த அம்மா கையில் ஈரம் காயாத மஞ்சள் வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அவ்வளவு நல்ல மனசு. ஆனாலும் நான் கையை எடுக்கவில்லை. நான் தைரியசாலி இல்லை. இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஓர் இடம் வரும். சுற்றி நிற்கிறவர்களிடம் நல்ல பெயர் வாங்குவதா, மடியில் இருப்பதைக் காப்பாற்றுவதா என்று. பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கையை மட்டும் எடுக்காதீர்கள். ஸ்டேஷன் வந்துவிடும்.

(அந்த வீடியோ எங்கேயாவது வந்திருக்கிறதா என்று வசந்தாவின் போனில் ரொம்ப நாள் தேடினேன். வரவில்லை.)

ஆஸ்பத்திரி மேஜையில் வைத்ததும் நெத்திலி வாந்தி எடுத்தான். டாக்டரம்மா அதைக் கூர்ந்து பார்த்தார். சாதம். மஞ்சள் போட்டு வேகவைத்த கோழி ஈரல். எல்லாம் நன்றாக மசிந்திருந்தது.

"யாரோ கையால நல்லாப் பிசைஞ்சு குடுத்திருக்காங்க. யார் வீட்டுச் சாப்பாடு அண்ணா இது?"

எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் போட்ட ஈரல் சோறு எங்கள் வீட்டில் நாய்களுக்கு வசந்தா சமைப்பது.

டிரிப் போட்டார்கள். பொங்கல் பானை வைக்கும் நேரத்தில் போன் வந்தது, பிழைத்துக்கொண்டான் என்று. ஒரு நாள் கழித்துக் கூட்டிவந்தேன். அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆனா என்னால முடியாது அண்ணா. அந்த உடம்புல ஒண்ணும் மிச்சம் இல்ல."

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் கேட்டேன். "நீ குடுத்தியா?"

"அஞ்சாவது தட்டே கிடையாதுன்னு சொன்னவ நான். என்னைக் கேக்கறீங்க?"

"அதனாலதான் கேக்கறேன். தட்டு இல்லாம கையால குடுத்தியோன்னு."

"நான் உங்களைத்தான் நெனச்சேன். பாசத்துல நீங்கதான் அள்ளிப் போட்டுட்டு, என் மேலயும் கன்னியம்மா மேலயும் பழி போடறீங்கன்னு."

அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. நான் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கன்னியம்மா வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறவள் இல்லை. அப்புறம் யார்?

மதியம் நாய்களுக்குச் சோறு வைத்துவிட்டு, கொடியில் காயப்போட்டிருந்த போர்வைக்குப் பின்னால் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். வசந்தா அடுப்படி ஜன்னலில் நின்றாள். யாரும் வரவில்லை. ராணி தன் தட்டைக் காலி செய்தாள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. நொண்டி நொண்டி நேராகக் கம்பி கேட்டுக்குப் போனாள். நெத்திலி தள்ளாடி எழுந்து வந்து, கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டி அவள் வாயோரத்தை நக்கினான். ராணியின் வயிறு ஒரு முறை குலுங்கியது, இரண்டு முறை குலுங்கியது. கம்பிக்கு நடுவில் முகத்தை நுழைத்து, தின்ற சோற்றையெல்லாம் அவன் முன்னால் கக்கிவிட்டாள்.

தெருநாய்கள் தங்கள் குட்டிகளுக்கு இப்படிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் ஆகி இத்தனை வருஷம் கழித்து ஒரு கிழவி, ஊர் பேர் தெரியாத குட்டிக்குச் செய்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் மனிதர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய் அவன் வாய் வைப்பதற்குள் அந்தச் சோற்றை வாரி எடுத்தேன். ராணி என்னைப் பார்த்து உறுமினாள். அவள் என்னிடம் உறுமியது அந்த ஒரு தடவைதான்.

"யாரு மேலயெல்லாம் சந்தேகப்பட்டோம்" என்று வசந்தா ஜன்னலில் இருந்து சொன்னாள். அப்புறம், "அவ இவ்ளோ நாளா வெறும் வயித்தோட இருந்திருக்கா பாருங்க" என்றாள்.

பார்த்தால் உண்மைதான். ராணியின் இடுப்பும் ஒட்டிப்போயிருந்தது. கவலைக்காரன் நான் அதைக் கவனிக்கவில்லை.

கேட்டுக்குக் குறுக்கே பலகை வைத்து மறைத்தேன். அதுதானே செய்யத் தோன்றும்? அன்று முழுக்க நெத்திலி முனகினான். கஞ்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் ராணி பலகையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு தட்டைத் தொடவில்லை. அவள் தொடாததால் மற்ற மூன்றும் நின்றுகொண்டே இருந்தன. சாப்பாடு அதிகமாகிச் சாகப் போனவன் இப்போது சாப்பிடாமல் போகப் போகிறான் என்று எனக்குக் கை கால் ஓடவில்லை.

பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது. அவள் எதைத் தின்கிறாளோ அதைத்தானே கொடுக்கப் போகிறாள்? அவளைத் தடுப்பதற்குப் பதிலாக அவள் தட்டில் இருப்பதை மாற்றினால் என்ன?

டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். ராணிக்குப் பூச்சி மருந்து கொடுத்து எவ்வளவு நாள் ஆகிறது என்று கேட்டார். சரியாகக் கொடுத்திருந்தேன். "அப்ப செஞ்சு பாருங்க. அளவு மட்டும் தாண்டக் கூடாது. ராணிக்கு அவ சாப்பாட்டைத் தனியா மொட்டை மாடியில வெச்சுக் கதவைச் சாத்திடுங்க, செரிக்கற வரைக்கும் கீழ விடாதீங்க" என்றார். எனக்கு அந்த மாடி யோசனை வந்திருக்காது.

அப்படியே செய்தோம். பலகையை எடுத்தேன். நெத்திலிக்கு உண்டான கஞ்சியை ராணி தட்டில் ஊற்றினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், இது என்ன சோறு என்று. குடித்துவிட்டுக் கேட்டுக்குப் போனாள். போனது கொஞ்சம், வந்தது அதைவிடக் கொஞ்சம் கம்மி. அவன் நக்கிச் சாப்பிட்டுவிட்டு உறுமாமல் தூங்கினான். கொஞ்ச நாளில் ராணி தட்டிலேயே வந்து வாய் வைத்தான், அவள் விலகி இடம் விட்டாள். கக்குவதும் தானாக நின்றது.

தம்பி தங்கைகளே, பட்டினி கிடந்த குட்டி வரும் வீட்டில் சோறு போட ஆசைப்படுகிறவர்கள் இருந்தே தீருவார்கள். பூட்டுப் போட்டு அவர்களை நிறுத்த முடியாது. அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் நீங்களே சரியானதை அந்தக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இதை ராணியிடம் கற்றுக்கொண்ட பிறகு கன்னியம்மாவுக்கும் செய்தேன். போகியிலிருந்து அவள் எங்கள் வீட்டில் நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு நாள் தெருமுனையிலேயே மறித்து, நடந்ததைச் சொல்லி, கஞ்சிக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன்.

"உன் கையால குடு கன்னியம்மா."

"அப்போ சந்தேகப்பட்ட, இப்போ என் கையால குடுன்ற." கிண்ணத்தை மோந்து பார்த்தாள். "இது இன்னா, பாத்திரம் கழுவன தண்ணி மாரி கீது?" ஆனால் வந்து கொடுத்தாள். அதன் பிறகு வருகிறபோதெல்லாம் கஞ்சிக் கிண்ணம் அவள் கைக்குத்தான் போகும். கிண்ணத்தை வாங்கும்போதே கேட்பாள்: "மத்தி குடுக்கலாமா இன்னிக்கு?"

"இல்ல கன்னியம்மா."

பொங்கல் முடிந்தது. மாசி வந்தது. வசந்தா "பொங்கல் வரைக்கும்" என்பதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தட்டும் வாங்கவில்லை. கம்பி கேட்டைத் திறந்துவிட்டோம். நெத்திலி நாலு பேரோடும் சுற்றினான். ஆனால் தனியாக எதைக் கொடுத்தாலும், ஒரு பொரி உருண்டை என்றாலும், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவைத்துக்கொண்டு கிட்டே வருகிறவரைப் பார்த்து உறுமுவான். இவனை நாலு நாய் உள்ள வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது, ஒரு நாள் ஒரு துண்டுக்காக ரத்தம் வரும் என்று எனக்கு அடுத்த கவலை.

டாக்டரம்மா மீனுக்குச் சரி என்று சொன்ன அன்று கன்னியம்மா வீட்டிலேயே வேகவைத்து, முள் எடுத்து, இலையில் மடித்து ஒரு மத்தியைக் கொண்டுவந்தாள். முழு மீன். வாசலில் குந்தி உட்கார்ந்து நீட்டினாள். நெத்திலி வாங்கிக்கொண்டு ஓடினான். துணி துவைக்கிற கல் பக்கம் போனான். நின்றான். திரும்பினான். நிழலில் படுத்திருந்த ராணியிடம் போய் அவள் முன்னங்காலுக்கு நடுவில் மீனைப் போட்டான்.

அவன் பங்கு கொடுத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். பிடுங்கப்படாத இடம் எது என்று தேடிப் போயிருக்கலாம். ராணி அதையெல்லாம் யோசிக்கவில்லை. முழு மீனையும் தின்றுவிட்டாள். நெத்திலி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். உறுமவில்லை.

"அய்ய, ஆசையா ஒனக்குக் கொணாந்தா நீ அந்தக் கெய்விக்குக் குடுக்கறியா?" என்றாள் கன்னியம்மா. கூடையைத் திறந்து, வசந்தாவைப் பார்த்து, "யக்கா, அடுப்ப பத்த வை, இன்னொண்ணு வேவட்டும். ஒரு தட்டு எடுத்தா" என்றாள்.

வசந்தா உள்ளே போனாள். பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் சாப்பிடும் எவர்சில்வர் தட்டுகளில் ஒன்றை எடுத்து வந்து வாசலில் வைத்தாள்.

ஒரே நாளில் ஒரு மீன் போதும், அதிகமாகிவிடும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். முதல் மீன் போனது ராணி வயிற்றுக்கு என்று நினைவு வந்ததும் மூடிக்கொண்டேன்.